மாத்திரை காப்பது நேற்றைய உறவுக்கு, நாளைய உறவுக்கு இல்லை

கேள்வி: எனக்கு 29 வயது. எடை 74 கிலோ. ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. இரவில் மட்டும் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. மாதவிலக்கு 30 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வரும். இந்த மாதம் 3-ஆம் தேதி வந்தது. 14-ஆம் தேதி இரவு 11 மணிக்கு ஆணுறை கிழிந்துவிட்டது. 16-ஆம் தேதி காலை 9 மணிக்குத்தான் அவசர கருத்தடை மாத்திரை (1.5 மி.கி., ஒன்று) வாங்கிப் போட முடிந்தது. மதியம் 1 மணிக்கு வாந்தி வந்தது. மாத்திரைதான் போட்டாயிற்றே என்று 19-ஆம் தேதி இரவு ஆணுறை இல்லாமலே சேர்ந்திருந்தோம். 23-ஆம் தேதி லேசாக இரத்தம் பட்டு, இரண்டு நாளில் நின்றுவிட்டது. அது மாதவிலக்குதானா? இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? இந்த வருஷத்தில் இது மூன்றாவது மாத்திரை. இது கருக்கலைப்பு மாத்திரைதான், அடிக்கடி போட்டால் அப்புறம் குழந்தையே தங்காது என்கிறார் நாத்தனார். பாலில் ஏதும் கலந்திருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. இன்று 27-ஆம் தேதி.

பதில்: முதலில் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். இன்னொரு மாத்திரை இப்போது வேண்டாம், பயனில்லை. 23-ஆம் தேதி பட்ட இரத்தத்தை மாதவிலக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்த மாதம் 10-ஆம் தேதி காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை ஒவ்வொரு முறையும் ஆணுறை. குழந்தைக்குத் தாராளமாகப் பால் கொடுங்கள். வாந்தியால் மாத்திரை வீணாகவில்லை. கருப்பைக்கோ வருங்காலக் கர்ப்பத்துக்கோ எந்தக் கெடுதலும் நடக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் கவலைக்குரியது ஒன்றே ஒன்று, அது 19-ஆம் தேதி. அந்த நாளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதே தைரியத்தில் மாத்திரைக்குப் பிறகு கர்ப்பமாகி வருபவர்கள் குறைவில்லை.

நீங்கள் போட்டது லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன். பல தினசரி கருத்தடை மாத்திரைகளில் இருப்பதும் இதுவேதான், அளவுதான் வேறு. பரவலாக விற்கும் ஒரு தினசரி மாத்திரையில் 0.15 மி.கி. இருக்கும், நீங்கள் ஒரே வேளையில் அதைப் போல் பத்து மடங்கு எடுத்திருக்கிறீர்கள். இது விந்தணுவைக் கொல்வதில்லை. கருப்பையைக் கழுவுவதும் இல்லை. சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். முட்டை வெளியேறுவதற்கு ஒன்று, ஒன்றரை நாள் முன்னதாக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று கூட்டிவிடும். அந்த ஏற்றம்தான் முட்டைக்குக் கிடைக்கும் புறப்பாட்டு உத்தரவு. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ளே போய்விட்டால் உத்தரவு வராமல் நிற்கும், முட்டை சில நாள் தாமதிக்கும். உள்ளே காத்திருக்கும் விந்தணுக்களுக்கு அதிகபட்ச ஆயுள் சுமார் ஐந்து நாள். முட்டை வருவதற்குள் அவை செத்துப்போகும். ஏற்றம் தொடங்கிய பிறகு மாத்திரை போட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. முட்டை கிளம்பிவிடும்.

இந்த மருந்துக்கு உள்ள விதிகள், விலக்குகள் எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதும், போட்ட பின் வரும் உறவுகளுக்கு அது காவல் இல்லை என்பதும் இதிலிருந்தே வருகின்றன. முட்டை ரத்தாகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. தள்ளிப்போன முட்டை வரும் நாளில் புதிய விந்தணு காத்திருந்தால் கரு உண்டாகும்.

உங்கள் தேதிகளை இதில் வைத்துப் பார்ப்போம். 30 நாள் சுற்றில் முட்டை வெளியேறுவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு, அதாவது 18-ஆம் தேதி வாக்கில்; ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே இருக்கலாம். எல்.எச். ஏற்றம் 16-ஆம் தேதி இரவோ 17-ஆம் தேதியோ தொடங்கியிருக்க வேண்டும். நீங்கள் மாத்திரை போட்டது 16 காலை. விளிம்புதான், ஆனாலும் சரியான பக்கத்து விளிம்பாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மருந்து வேலை செய்திருந்தால் 14-ஆம் தேதி உறவிலிருந்து தப்பித்தீர்கள். ஆனால் அப்படி வேலை செய்திருந்தால் முட்டை 18-இல் வராமல் 21, 22, 23 என்று எங்கோ தள்ளிப்போயிருக்கும். 19-ஆம் தேதி இரவின் விந்தணுக்கள் 24 வரை உயிரோடு இருக்கக்கூடியவை. மருந்து நன்றாக வேலை செய்திருப்பதே 19-ஆம் தேதியை ஆபத்தான நாளாக்கியிருக்கலாம். மருந்து தோற்று முட்டை 18-இலேயே வெளியேறியிருந்தால், ஒரு நாள்கூட முழுதாக வாழாத அந்த முட்டைக்கு 19 இரவு தாமதமாகியிருக்கும். அப்போது கவலை 14-ஆம் தேதியைப் பற்றி. எப்படிப் பார்த்தாலும் பரிசோதனை செய்தாக வேண்டும்.

19-ஆம் தேதிக்குப் பிறகு 24 வரை வழி திறந்திருந்தது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டிருக்கலாம், அது முடியாவிட்டால் அதே லெவோநார்ஜெஸ்ட்ரெல்லை மறுபடி எடுத்திருக்கலாம். ஒரே மாதத்தில் இரண்டாம் முறை எடுக்கத் தடையில்லை. எட்டு நாள் கடந்த பிறகு எந்த அவசர கருத்தடையும் கிடையாது. இத்தகைய கேள்வியைக் கடிதமாக எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அதே நாளில் மருந்தாளுநரிடமோ, செவிலியரிடமோ, மருத்துவரிடமோ கேட்டுவிட வேண்டும். மாத்திரைக்காகப் பரிசோதனைப் படுக்கையில் ஏற வேண்டியதில்லை, இரத்தப் பரிசோதனையும் வேண்டாம்.

அடுத்து அந்த இரத்தம். மாத்திரை போட்ட ஒரு வாரத்துக்குள் லேசாக இரத்தம் படுவது சாதாரணம். திடீரென்று ஏறிய ஹார்மோன் இறங்கும்போது கருப்பையின் உள்வரி கொஞ்சம் கசிகிறது. கர்ப்பம் இல்லை என்பதற்கு அது சாட்சியாகாது. உங்கள் வழக்கமான அளவிலும் நாட்களிலும் வந்தால்தான் மாதவிலக்கு. அது பழைய கணக்குப்படி அடுத்த மாதம் 2 அல்லது 3-ஆம் தேதி வர வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னே பின்னே வந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினாலும், வழக்கத்தைவிட மிகக் குறைவாக வந்தாலும் பரிசோதனை செய்யுங்கள். 10-ஆம் தேதி என்று நான் குறித்தது, கடைசிப் பாதுகாப்பற்ற உறவிலிருந்து 21 நாள் என்ற கணக்கில். அதற்கு முன்பு பட்டையில் ஒற்றைக் கோடு வந்தால் நிம்மதி அடைய முடியாது, ஏனென்றால் கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன் சிறுநீரில் போதுமான அளவு ஏறியிருக்காது. 10-ஆம் தேதி ஒற்றைக் கோடு வந்தும் மாதவிலக்கு வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி செய்து, மருத்துவரையும் பாருங்கள்.

வாந்தி விஷயம் எளிது. மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் உடனே இன்னொன்று போட வேண்டும். உங்களுக்கு 4 மணி நேரம் ஆகிவிட்டது. மருந்து இரத்தத்தில் சேர்ந்தாயிற்று. சாப்பிட்டு முடித்துப் போட்டால் குமட்டல் கொஞ்சம் குறையலாம், வெறும் வயிற்றில் போட்டாலும் மருந்து வேலை செய்யும். தலைவலி, சோர்வு, மார்பில் வலி, அடிவயிற்றில் லேசான பிடிப்பு ஆகியவை ஓரிரு நாளில் போய்விடும்.

மருந்துப் பெட்டியில் 72 மணி நேரம் என்று போட்டிருப்பதைப் பலர் தவணைத் தேதியைப் போல எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று நாள் இருக்கிறதே, நாளைக்கு வாங்கலாம் என்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று 1998-இல் லான்செட் இதழில் வந்தது. அதன்படி, ஏற்பட்டிருக்கக்கூடிய கர்ப்பங்களில் முதல் 24 மணி நேரத்துக்குள் மருந்து எடுத்தவர்களிடம் 95 சதவீதமும், 25 முதல் 48 மணி வரை எடுத்தவர்களிடம் 85 சதவீதமும், 49 முதல் 72 மணி வரை 58 சதவீதமும் தடுக்கப்பட்டன. உங்களுடையது 34 மணி நேரம். 72 தாண்டிய பிறகும் 120 மணி வரை எடுக்கலாம் என்கிறது அந்த நிறுவனம். ஆனால் பலன் மங்கிக்கொண்டே போகும்.

இந்தச் சதவீதங்களைத் தவறாகப் படிப்பவர்கள் அதிகம். 58 சதவீதம் என்றால் நூறு பெண்களில் 42 பேர் கர்ப்பமாவார்கள் என்று பொருளில்லை. ஒருமுறை பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால் மருந்தே எடுக்காவிட்டாலும் பெரும்பாலோருக்குக் கரு தங்குவதில்லை. யாருக்குத் தங்கியிருக்குமோ அவர்களில் எத்தனை பேரை மருந்து காப்பாற்றியது என்பதே அந்த எண். அதே ஆய்வில் லெவோநார்ஜெஸ்ட்ரெல் எடுத்த நூறு பேரில் மொத்தத்தில் கர்ப்பமானவர்கள் சுமார் ஒருவர்தான். நம்பகமான மருந்துதான். மாதாமாதம் நம்பியிருக்கக்கூடிய மருந்தா என்பது வேறு.

அந்தக் காலத்தில் 0.75 மி.கி. மாத்திரை இரண்டை 12 மணி நேர இடைவெளியில் எடுக்கச் சொன்னார்கள். 2002-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, 1.5 மி.கி.யை ஒரே வேளையில் எடுத்தாலும் பலன் குறையவில்லை என்று காட்டியது. ஆகவே உங்கள் ஊரில் 0.75 மாத்திரைகள்தான் கிடைக்கின்றன என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் விழுங்கிவிடுங்கள். இரண்டாவதை அலாரம் வைத்து எழுந்து போடுகிறேன் என்று தூங்கிவிடுகிறவர்கள் உண்டு.

எடையைக் குறிப்பிட்டு நல்ல காரியம் செய்தீர்கள், பலர் சொல்வதில்லை. 70 கிலோவுக்கு மேல், அல்லது உடல் நிறைக் குறியீடு 26-க்கு மேல் உள்ளவர்களுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரெல் சற்றுக் குறைவாக வேலை செய்யலாம் என்ற சந்தேகம் இருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் சான்றுகளைப் பார்த்துவிட்டு, எடை எதுவானாலும் எடுக்கலாம், சான்று உறுதியாக இல்லை என்றது. பிரிட்டன் வழிகாட்டல் அதைவிட எச்சரிக்கையானது: இந்த எடையில் காப்பர்-டியையோ யூலிப்ரிஸ்டல் என்ற இன்னொரு அவசர மாத்திரையையோ முதலில் பார், இரண்டும் கிடைக்காவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரெல்லை இரட்டிப்பாக, 3 மி.கி. கொடு என்கிறது. உங்கள் 74-க்கு நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் வேறெதுவும் கைக்கு எட்டாத நேரத்தில் எடையை நினைத்து மாத்திரையே போடாமல் விடுவது தவறு.

வேறு மருந்துகள் எடுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தடங்கல் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், பீனோபார்பிட்டோன், எச்.ஐ.வி.க்கான எஃபாவிரென்ஸ் ஆகியவை கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும். இவற்றை எடுப்பவர்களும், நிறுத்தி நான்கு வாரம் ஆகாதவர்களும் காப்பர்-டி போட்டுக்கொள்வதே மேல். முடியாவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 3 மி.கி. சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் இந்தத் தொல்லை இல்லை.

யூலிப்ரிஸ்டல் 30 மி.கி. என்பது இரண்டாவது வகை மாத்திரை. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, சில இடங்களில் மருத்துவர் சீட்டு கேட்பார்கள். இதன் பலம், எல்.எச். ஏற்றம் தொடங்கிவிட்ட பிறகும், உச்சத்தைத் தொடாதவரை, முட்டையை நிறுத்திப்பிடிக்கும் என்பது. 120 மணி நேரம் வரை இதற்கு வீச்சு உண்டு. உங்களைப் போல முட்டை வெளியேறும் நாளை ஒட்டிச் சிக்கிக்கொண்டவர்களுக்கு இதுவே பொருத்தமான மாத்திரை. ஆனால் கூடவே கண்ணிகளும் உண்டு. இது புரோஜெஸ்ட்ரான் என்ற பெண் ஹார்மோன் அமரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. அதே இடத்துக்குப் போட்டியாக லெவோநார்ஜெஸ்ட்ரெல் வந்தால் பலம் குறைந்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பது தப்பு. யூலிப்ரிஸ்டல் எடுத்த பின் ஐந்து நாள் கழித்தே தினசரி கருத்தடை மாத்திரையைத் தொடங்க வேண்டும். முந்தைய ஒரு வாரத்தில் ஹார்மோன் மாத்திரை எடுத்திருந்தாலும் பலன் குறையும். கடும் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது ஏற்றதில்லை. பால் கொடுப்பவர்கள் ஒரு வாரம் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும் என்பது மருந்தின் குறிப்புத் தாளில் உள்ள அறிவுரை. லெவோநார்ஜெஸ்ட்ரெல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாலில் போவது மிகச் சொற்பம், குழந்தைக்குக் கெடுதல் செய்யாது.

எல்லாவற்றிலும் வலுவானது மாத்திரையே இல்லை, காப்பர்-டி. உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் போட்டால் ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் தோற்கும். செம்பு அயனிகள் விந்தணுவை முடக்கிவிடுகின்றன. அது முட்டை புறப்பட்டதா இல்லையா என்பதைச் சார்ந்ததில்லை. எடை, பிற மருந்துகள் என்று எந்தக் கணக்கும் இதற்குத் தேவையில்லை. பால் கொடுக்கலாம். அவசரத்துக்குப் போட்டது அப்படியே இருந்து, 380-ஏ வகையானால் பத்து வருடம் வரை காக்கும். நினைத்தபோது எடுத்துவிட்டுக் குழந்தை பெறலாம். கர்ப்பம் ஏற்கெனவே இருந்தாலோ, அடிவயிற்றில் தொற்று இருந்தாலோ போடக் கூடாது. முதல் சில மாதங்களில் மாதவிலக்கு கூடுதலாகவும் வலியோடும் இருக்கலாம். ஒரு குழந்தை பெற்று, அடுத்ததைத் தள்ளிப்போட நினைக்கும் உங்களுக்கு இது நல்ல தேர்வு என்பது என் அபிப்பிராயம். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 52 மி.கி. உள்ள கருப்பைச் சாதனமும் அவசரத்துக்குக் காப்பர்-டி அளவுக்கு உதவும் என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. எல்லா மருத்துவர்களும் இன்னும் அதற்கு மாறவில்லை.

அவசர மாத்திரை எதுவுமே கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்காக ஒன்று. சாதாரண தினசரி மாத்திரைகளைக் கொண்டே செய்யும் பழைய முறை ஒன்று உண்டு. கனடா மருத்துவர் ஆல்பர்ட் யுஸ்பே 1970-களில் கொண்டுவந்தது. 0.03 மி.கி. எத்தினைல் எஸ்ட்ராடியாலும் 0.15 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல்லும் கொண்ட மாத்திரையானால் உடனே 4, பன்னிரண்டு மணி நேரம் கழித்து 4. அட்டையில் கடைசி வரிசையிலுள்ள இரும்புச்சத்து மாத்திரைகளில் ஹார்மோன் கிடையாது, அவற்றை எண்ணக் கூடாது. வேறு ஹார்மோன் சேர்ந்த அட்டைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குமட்டல் பலமாக இருக்கும், பலனும் குறைவு. ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை.

உறவு முடிந்ததும் எழுந்து கழுவுவது, சிறுநீர் கழிப்பது, குதிப்பது இவற்றால் எதுவும் நடக்காது. விந்தணுக்கள் சில நிமிடங்களில் கருப்பை வாயைக் கடந்துவிடும்.

இனி உங்கள் நாத்தனார் சொன்னது. இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை. கரு பதிந்துவிட்ட பிறகு இதை எடுத்தால் கர்ப்பம் கலையாது, வளரும் கருவுக்குக் கெடுதலும் வராது. கரு பதிவதைத் தடுக்குமோ என்ற வாசகம் முன்பு மருந்துத் தாள்களில் இருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் சான்றுகளைப் பார்த்து அதை நீக்கிவிட்டது. நாத்தனாரின் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பத்தைக் கலைக்க மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரு மருந்துகள் தொகுப்பாக வருகின்றன. மருந்துக்கடையில் தயங்கித் தயங்கிக் கேட்பவரிடம் அது மாறிப் போய்விடும் ஆபத்து நிஜமானது. ஆகவே 'அந்த மாத்திரை' என்று கேட்காதீர்கள். அவசர கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மி.கி. என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வாங்கியதும் அட்டையில் அந்தப் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். ஒன்று அல்லது இரண்டு சிறு மாத்திரை இருக்கும். ஐந்து மாத்திரை உள்ள தொகுப்பானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வருடத்தில் மூன்று முறை எடுத்ததால் கருத்தரிக்கும் சக்தி குறையாது. மருந்து சில நாளில் உடலைவிட்டுப் போய்விடுகிறது. அடுத்த சுற்றிலேயே, ஏன், உங்கள் விஷயத்தில் பயந்தபடி அதே சுற்றிலேயேகூடக் கருத்தரிக்கலாம். உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆனாலும் மூன்று முறை தேவைப்பட்டது என்பது, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் முறை உங்களுக்குச் சரியாக அமையவில்லை என்று சொல்கிறது. ஒவ்வொரு முறையும் சிறிது தோல்வி வாய்ப்பு உண்டு. பல முறை எடுத்தால் அந்த வாய்ப்புகள் கூடிக்கொண்டே போகும். மாதவிலக்குத் தேதியும் குழம்பி, எது ஆபத்தான நாள் என்ற கணக்கே போய்விடும். உறவுக்கு முன்பே இதைப் போட்டுக்கொள்வதும், உறவு வைக்கும் நாளெல்லாம் போடுவதும் இதற்கான வழியில்லை.

ஆணுறை ஏன் கிழிகிறது என்பதையும் பாருங்கள், ஏனென்றால் அடுத்த இரண்டு வாரம் அதுதான் உங்கள் காவல். அடிக்கடி கிழிவதற்குப் பெரிய காரணம் எண்ணெய். லேடெக்ஸ் மீது எண்ணெய், வாசலின், உடம்புக்குப் பூசும் கிரீம் எது பட்டாலும் சில நிமிடங்களில் ரப்பர் தளர்ந்துவிடும். பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்றுக்கு வைக்கும் சில கிரீம்களும் மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜென் குறைந்து உறுப்பு வறண்டிருப்பது சகஜம், அப்போது பெண்கள் எண்ணெயைத் தேடுவதும் சகஜம். எனவே நீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான வழுவழுப்பு ஜெல்லை மட்டும் பயன்படுத்துங்கள். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, உறுப்பு முழுதாக விறைத்த பிறகு அடிவரை உருட்டிப் போட வேண்டும். பர்ஸில் மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்ததை எடுக்க வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் உராய்ந்து சீக்கிரம் கிழியும்.

நிரந்தரமான ஏற்பாட்டுக்குப் பரிசோதனை முடிந்ததும் போகலாம். குழந்தைக்கு ஆறு மாதம் கடந்துவிட்டதால் தாய்ப்பாலை மட்டும் நம்புவதற்கில்லை. காப்பர்-டி, மூன்று மாத ஊசி, கைத்தோலுக்கடியில் வைக்கும் குச்சி, புரோஜெஸ்ட்ரான் மட்டுமுள்ள தினசரி மாத்திரை எதையும் பால் கொடுத்தபடியே எடுக்கலாம். இதில் பரிசோதனைக்குக் காத்திருக்க மனமில்லையென்றால் தினசரி மாத்திரையை நாளைக்கே தொடங்கலாம், 10-ஆம் தேதி பரிசோதனையை மட்டும் தவறவிடக் கூடாது. புரோஜெஸ்ட்ரான் மாத்திரையானால் முதல் 2 நாள் ஆணுறையும் சேர்த்து; ஈஸ்ட்ரோஜெனும் கலந்த மாத்திரையானால் 7 நாள். வீட்டில் ஒரு அவசர மாத்திரை வாங்கி வைத்திருப்பதில் தவறில்லை. 34 மணி நேரம் அலைந்ததைவிட அது மேல்.

இந்த மாத்திரைகள் எதுவும் பால்வினைத் தொற்றைத் தடுக்காது. உங்கள் கடிதத்துக்கு அது பொருந்தாமல் இருக்கலாம். இதைப் படிப்பவர்களில் புதிய துணையோடு இருந்தவர்களும் வற்புறுத்தலுக்கு ஆளானவர்களும் இருப்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அதற்கு மாத்திரைக் கடை போதாது, மருத்துவமனைக்கே போக வேண்டும்.

10-ஆம் தேதி இரண்டு கோடு வந்தால் பதறாதீர்கள். மாத்திரை போட்டதால் கருவுக்கு ஊனம் வராது. வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவெடுக்க, சீக்கிரம் மருத்துவரைப் பார்த்தால்தான் நேரம் கிடைக்கும். கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று ஸ்கேனில் உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். அதற்கு முன்பே எந்த நாளிலாவது அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், அல்லது மணிக்கு இரண்டு பேடு நனையுமளவு இரத்தப்போக்கு இருந்தால் பட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். மாத்திரை அதை உண்டாக்குவதில்லை என்றாலும் எந்தக் கர்ப்பத்திலும் அது நேரலாம். இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், மாத்திரை போட்ட தேதியையும் 14, 19 இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள்.